டெண்டர் கோப்பைப் படிக்க யார் கற்றுத்தருவது? நீலகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம், உதகமண்டலம், உதகை அரசு கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக் முதல்வர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். தன்னார்வப் பயிலும் வட்டத்தில் குரூப் 4 தேர்வுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறீர்கள். தேர்வில் 200 கேள்விகள், அதில் பாதி தமிழ், மீதி பொது அறிவும் திறனறிவும். அந்தப் பயிற்சியைப் பற்றி எங்களுக்குக் குறையே இல்லை. குறை அதற்குப் பிறகுதான். தேறியவர் பேரூராட்சியிலோ ஊராட்சி ஒன்றியத்திலோ இளநிலை உதவியாளராகச் சேர்கிறார். டெண்டர் பிரிவு கிடைத்தால், "போன வருஷக் கோப்பைப் பார்த்து அப்படியே எழுதுங்க" என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் ஒரே பாடம். போன வருஷக் கோப்பில் பிழை இருந்தால் அதுவும் சேர்ந்தே வருகிறது.

அரசுக் கொள்முதலும் ஒப்பந்தமும் தனியாகப் படித்துத் தேற வேண்டிய தொழில். அதற்கு இந்த மாவட்டத்தில் ஒரு வகுப்பு தொடங்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இங்கே வாங்குகிற அலுவலகங்கள் கொஞ்சமா? நகராட்சிகள், நெடுஞ்சாலைத் துறை, பொதுப்பணித் துறை, அரசு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ ஒரு பக்கம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டனில் ராணுவக் கட்டுமானப் பணிகளைப் பார்க்கும் எம்.இ.எஸ்., தடுப்பூசி தயாரிக்கும் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், மலை ரயில் இன்னொரு பக்கம். முதல் பக்கம் மாநிலம், இரண்டாவது மத்திய அரசு; இரண்டுக்கும் விதி வேறு. குன்னூர் நகராட்சி டெண்டர் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கும் 2000ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டது. அதே ஊரில் பாஸ்டர் நிறுவனம் மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளைப் பார்த்து வாங்க வேண்டும். டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையை (இ.எம்.டி.) எடுத்துக்கொள்ளுங்கள். மாநில விதியில் பொதுவாக மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மத்திய விதியில் 2 முதல் 5 சதவீதம். ஒன்றைப் படித்துவிட்டு மற்றதில் எழுதினால் கோப்பு தணிக்கையில் நிற்கும்.

டெண்டர் போடத் தரும் கால அவகாசமும் அப்படித்தான். மாநில விதிப்படி 2 கோடி ரூபாய் வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள். ஒப்பந்தப்புள்ளி இதழில் அறிவிப்பு வெளியான தேதியிலிருந்து எண்ண வேண்டும், அதிகாரி கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து அல்ல. குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அந்த ஒரு தாள் கோப்பில் இல்லாமல் போனால், கேள்வி வரும்போது பதில் சொல்லப்போவது அந்த இளநிலை உதவியாளர்தான்.

மறுபக்கம் ஒப்பந்ததாரர் அலுவலகங்கள். டெண்டர் போடத் தெரிந்த ஆளுக்கு இங்கே எப்போதும் வேலை உண்டு. ஆனால் மாநில அரசின் இணையத் தளத்தில் தோற்பவர்களில் பலர் விலையில் தோற்பதில்லை. கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம் காலாவதியாகியிருக்கும். இறக்கிய விலைப்பட்டியல் கோப்பின் பெயரை மாற்றியிருப்பார்கள். தளம் அதை ஏற்காது. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தாமல் எழுந்துவிடுவார்கள். அதை அழுத்தி ஒப்புகைச் சீட்டு வந்தால்தான் டெண்டர் போட்டதாகக் கணக்கு. கெடு முடியும்வரை விலையைத் திருத்தி மறுபடி ஏற்றலாம். 'வித்ட்ரா' கொடுத்துவிட்டால் அந்த டெண்டருக்குத் திரும்ப வழியில்லை. கெடுவை நம் கைக்கடிகாரம் தீர்மானிப்பதில்லை, திரையின் மேலே ஓடும் சர்வர் நேரம்தான் தீர்மானிக்கிறது. மழையில் கரண்டும் நெட்டும் போகிற ஊர் இது, கடைசி நாளுக்கு முந்தைய நாளே முடித்துவிடப் பழக்க வேண்டும்.

மதிப்பீட்டைவிட எத்தனை சதவீதம் என்று விலை சொல்லும் சதவீத முறை டெண்டரில் ஒரு கட்டம் இருக்கும்: அதிகமா, குறைவா என்று தேர்ந்தெடுப்பது. 40 லட்ச ரூபாய் மதிப்பீட்டில் 5 சதவீதம் அதிகம் என்றால் 42 லட்சம். கை தவறிக் 'குறைவு' என்று விழுந்தால் 38 லட்சம். நான்கு லட்சம் போய்விட்டது; வேலையிலிருந்து விலகினால் முன்வைப்புத் தொகையும் போகும். இதைப் புத்தகத்தில் வாசித்தால் மனதில் நிற்காது. கணினி முன்னால் உட்கார்ந்து பத்து தடவை செய்து பழக வேண்டும்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் மத்திய அரசு டெண்டர்களில் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம் என்று பாதி சொல்லிக்கொடுக்கிறார்கள். வாங்கி விற்கும் வியாபாரிக்கு அந்தச் சலுகை கிடையாது, கட்டுமான வேலைகளுக்கும் கிடையாது. இந்த மறுபாதி தெரியாமல் டெண்டர் போட்டு, தகுதி ஆவணங்களைப் பார்க்கும் முதல் உறையிலேயே வெளியேறுகிற கடைக்காரர்கள் உண்டு.

இனி மலைக்கே உரிய பாடம். சமவெளியில் அச்சடித்த எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதைச் சொல்லாது. மதிப்பீட்டில் ஜல்லி கன மீட்டரில் இருக்கும். குவாரியில் விலை யூனிட்டுக்குச் சொல்வார்கள். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 10 கன மீட்டர் வேண்டுமென்றால் ஏறத்தாழ மூன்றரை யூனிட். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்கு ஏறத்தாழ 50 கி.மீ. மலைப்பாதை. பொருளைக் கொண்டுவரும் தூரத்தைக் கணக்கிடும் லீட் சார்ட்டில் அந்தத் தூரம் வந்துவிடும். வராமல் போவது அதற்குப் பிறகுள்ள தூரம். டிப்பர் பெரிய ரோட்டில் நிற்கும், அங்கிருந்து பிக்கப், பிக்கப்பும் போகாத ஹட்டிக்கு (மலைக் கிராமத்துக்கு) தலைச்சுமை. ஒரே மணலை மூன்று தடவை ஏற்றி இறக்குகிற கூலியை யார் தருவது? வேலை நடக்கும் இடத்தைப் பார்க்காமல் மதிப்பீடு போட்டவரும், பார்க்காமல் விலை போட்டவரும் ஒன்றாக மாட்டிக்கொள்கிறார்கள். ஆறு மாதம் கழித்துத் தடுப்புச் சுவர் பாதியில் நிற்கும். அந்தச் சுவருக்குக் கீழே வீடு இருக்கிறது. 2009 நவம்பர் மண்சரிவைக் கண்ட மாவட்டத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

காலக்கெடுவும் பருவம் பார்த்துத்தான். கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு. ஆகஸ்டில் டெண்டர் விட்டு மூன்று மாதக் கெடு என்றால், கூடலூரில் தொடக்கமும் குன்னூரில் முடிவும் மழையில் போகும். உதகையில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் கான்கிரீட் இறுகவும் நாளாகும், பலகையைச் சீக்கிரம் பிரிக்க முடியாது. தடை ஏற்பட்ட அன்றே தடைப் பதிவேட்டில் எழுதி, கெடு முடியும் முன்பே நீட்டிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். முடிந்தபின் கொடுத்தால் அபராதம் பிடிப்பதைத் தடுக்க வழியில்லாமல் போகிறது.

முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் எம்.புக் எழுதுவதையும் கையில் கொடுத்துப் பழக்குங்கள். பக்க எண் அச்சிட்ட புத்தகம், ஒரு தாளும் கிழியக் கூடாது. தப்பினால் அழிக்கக் கூடாது, அதன் மேலேயே திருத்தி எழுதவும் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, சரியான அளவை எழுதி, தேதியோடு சுருக்கொப்பம் இட வேண்டும்.

டெண்டர் நிராகரிக்கப்பட்டால், உத்தரவு கையில் கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இடம் தருகிறது. பெரும்பாலானோர் பதினோராவது நாள்தான் யாரிடமாவது கேட்கிறார்கள்.

தேர்ச்சிக்கான படிகளும் தெளிவாகவே இருக்கின்றன. மாநிலப் பணியில் சேர்ந்தவர், டி.என்.பி.எஸ்.சி. மே, டிசம்பரில் நடத்தும் துறைத் தேர்வுகளில் சார்நிலை அலுவலர் கணக்குத் தேர்வு முதல் பகுதியை முதலில் எழுதட்டும்; பதவி உயர்வுக்கும் அது வேண்டும், டெண்டர் கோப்பின் கணக்குப் பக்கமும் அதில்தான் புரியும். சிவில் டிப்ளமோ முடித்தவர்கள் மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி.யின் ஜூனியர் இன்ஜினியர் அறிவிப்பில் எம்.இ.எஸ்.-இன் 'அளவீடும் ஒப்பந்தமும்' பிரிவுப் பணியிடம் வந்திருக்கிறதா என்று தேடட்டும். ஒப்பந்தத்துக்கென்றே உள்ள பதவி அது. வெலிங்டன் அலுவலகத்தைத் தினமும் கடந்து போகிற பாலிடெக்னிக் மாணவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

நாங்கள் கேட்பது பெரிய செலவல்ல. சனிக்கிழமை இரண்டு மணி நேரம், 12 வாரம். ஓர் அறை, பத்து கணினி. பாடநூல் வாங்கவே வேண்டாம்: நீலகிரி அலுவலகங்களின் நடப்பு டெண்டர் ஆவணங்களை அரசுத் தளத்தில் இலவசமாக இறக்கலாம். வாரம் ஒன்றை எடுத்து, மாணவர்களே நிபந்தனைகளை வாசித்து, விலை போட்டு, தாளை மூடி வைக்கட்டும். உண்மை டெண்டர் திறந்து முடிவு தளத்தில் வந்ததும் பிரித்துப் பார்க்கட்டும். ஓய்வுபெற்ற கோட்டக் கணக்கர்களையும் மதிப்பீட்டாளர்களையும் பாடம் எடுக்க அழையுங்கள். ஜூலையில் தொடங்கினால் டிசம்பர் துறைத் தேர்வுக்கும் உதவும்.

பாடத்திட்டத்தை எழுதித் தரவும், சனிக்கிழமைகளில் முறை வைத்து வந்து நிற்கவும் நாங்கள் தயார். வகுப்பு உதகையில் மட்டும் நடந்தால் பந்தலூர்ப் பிள்ளைகள் போகவர ஒரு நாள் முழுவதும் செலவழிக்க வேண்டியிருக்கும். கூடலூரிலும் ஒரு வகுப்பு வைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நீலகிரி மாவட்டத்தில் டெண்டர், மதிப்பீடு, பில் பணிகளில் இருப்போர்