அந்த மாத்திரை வேண்டாம்

அன்புள்ள செல்வாவுக்கு,

வெள்ளிக்கிழமை வைவா என்கிற வாய்மொழித் தேர்வு, ‘ஜிட்டர்ஸ்’ வந்துவிட்டது, அறைத்தோழன் ப்ரொப்ரனலால் தருகிறான், பாதி போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாய். போடாதே.

உனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வீசிங். அந்த மாத்திரை நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் அடக்கும், உண்மைதான். வில்வித்தை, துப்பாக்கி சுடும் போட்டிகளில் அதற்குத் தடையே இருக்கிறது. ஆனால் அது இதயத்தோடு நிற்காது, மூச்சுக்குழாயையும் சுருக்கிவிடும். அப்போது நீ இன்ஹேலர் அடித்தாலும் சரியாகப் பிடிக்காது. இன்ஹேலரில் இருக்கிற மருந்தான சால்பியூட்டமால் போய் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்திருக்கும். வார்டில் மூச்சுத் திணறிய பிள்ளைகளைப் பார்த்த நர்ஸ் சொல்கிறேன், கேள்.

ஜிட்டர்ஸ் என்று எழுதியதில் எனக்குப் பாதி நிம்மதி. பரீட்சைக்கும் மேடைக்கும் முன்னால் வந்து, முடிந்ததும் போய்விடுகிற படபடப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். காரணமே இல்லாமல் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் அது வேறு. அதை என்னிடம் மறைக்காதே, டாக்டரைப் பார்க்கலாம். இப்போது உன் உள்ளங்கை சில்லிடுவதும் வயிறு பிசைவதும் அட்ரினலின் வேலை. தோலுக்கும் குடலுக்கும் போகிற இரத்தத்தைக் குறைத்துத் தசைகளுக்குத் திருப்பிவிடுகிறது.

2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய நம் செரியன் நகர் காசிமா அளவுக்கு இல்லாவிட்டாலும், உன் அப்பாவும் கேரம் ஆடுகிறவர்தானே. ரெட் காயினைப் போட்டுவிட்டு, அதை உறுதியாக்க அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயினுக்கு ஸ்ட்ரைக்கரை வைக்கும்போது அவர் விரல் நடுங்கும். விரல் நுனியைப் பவுடரில் தேய்ப்பார். ஸ்ட்ரைக்கரைக் கோட்டின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்துவார். மூச்சு முழுவதும் வெளியே போன பிறகுதான் சுண்டுவார். நடுக்கம் அப்போதும் இருக்கும், காயினும் விழும்.

ஹார்வர்டின் அலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தேன். பேசப் போகுமுன் ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள், ‘அமைதியாக இருக்கிறேன்’ என்றவர்களைவிட நன்றாகப் பேசினார்களாம். சொல்லிப் பார். மெதுவாகச் சொல், வாசலில் காத்திருக்கும் மற்ற பிள்ளைகள் பயந்துவிடப் போகிறார்கள்.

அன்று காலை காபியைக் குறை. முதல் இரண்டு வரியை மனப்பாடம் செய்துகொள். இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கட்டும். காசிமேட்டில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டை அனுப்பலாமென்றால் கூரியர்காரர் வாசனைக்குப் பயந்து வாங்க மறுக்கிறார். தீபாவளிக்கு வரும்போது எடுத்துப் போ.

அன்புடன்,
அம்மா