களப்பணிக்குக் கிளம்பும் கயல்விழிக்கு

அன்புள்ள கயல்,

சமூகவியல் இறுதியாண்டு ஆய்வுக்குக் ‘கிராமத்தில் சாதி ஏற்றத்தாழ்வு’ என்று தலைப்பு எடுத்திருக்கிறாய். கிளம்புமுன் சில விஷயங்கள்.

முதல் அத்தியாயத்தில் 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு எழுத்தறிவு 80.1 சதவீதம், பட்டியல் சாதியினரிடையே 73.3, இடைவெளி 7 புள்ளி என்று எழுதியிருக்கிறாய். அந்த 80.1-க்குள் அவர்களும் அடக்கம். மக்கள்தொகையில் 20 சதவீதம். அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மற்றவர்களுக்கு ஏறத்தாழ 81.8 வரும். இடைவெளி எட்டரை ஆகிவிடுகிறது. ஒப்பிடும்போது பொதுச் சராசரியை எடுக்காதே, மிச்சமுள்ளவர்களை எடு.

அடுத்தது, எங்கே தங்குவது. 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அக்ரகாரத்தில் தங்கினார். ஊர் அவரை அக்ரகாரத்து ஆளாகவே பார்த்தது. சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியவில்லை. ஊர்ப் பெரியவர் வீட்டு மாடியில் தங்கிக்கொண்டு காலனியில் கேள்வி கேட்டால், “இங்க ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா” என்ற பதில்தான் வரும்.

வீடுகளைத் தேர்ந்தெடுக்கத் தெருவாரியாகப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு தெருவிலும் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடாகத் தட்டு. பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாதே, மாலையில் திரும்பப் போ. அப்போதும் பூட்டியே கிடந்தாலும் கணக்கிலிருந்து விட்டுவிடாதே. அப்படிப்பட்ட வீடுகளில் பல, செங்கல் சூளைக்கோ திருப்பூருக்கோ பிழைக்கப் போனவர்களுடையவை. அவர்களை விட்டுவிட்டால் ஊரின் வறுமையில் பாதி உன் தாளில் ஏறாது.

“தீண்டாமை உண்டா?” என்று கேட்கவே வேண்டாம். ஒருவருக்கு வழக்குப் பயம், இன்னொருவருக்கு நாளைய கூலி பற்றிய பயம். முடி எங்கே வெட்டிக்கொள்கிறீர்கள், போன திருவிழாவில் தேர் எந்தத் தெரு வரை வந்தது என்று நடந்ததைக் கேள். டீக்கடையில் டம்ளரை எண்ணிப் பயனில்லை. காகிதக் கோப்பை வந்தபின் இரட்டைக் குவளை பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. பெஞ்சில் யார் உட்காருகிறார், யார் நின்றபடியே குடிக்கிறார் என்று அரை மணி நேரம் பார்.

மாத வருமானம் கேட்டால் கூலிக்காரரால் சொல்ல முடியாது, நிலக்காரர் சொல்ல மாட்டார். நிலத்தைக் கேள். சிட்டாவில் பெயர் கிடைக்கும். ஆனால் பாகம் பிரிக்காத பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிடக்கும், வாய்மொழிக் குத்தகை எதிலும் இருக்காது. உழுபவர் யார் என்பதைத் தனியாக விசாரி.

பேசியவர்களின் அடையாளத்தை மறைக்க ஊர்ப்பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ‘காலனியின் ஒரே பட்டதாரிப் பெண்’ என்று எழுதினால் உள்ளூரில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும்.

மழை பெய்த மறுநாள் காலனிச் சுடுகாட்டுக்கு நடந்து போ. பாதை எந்த வயல் வரப்பில் முடிகிறது என்று குறித்துக்கொள். அந்தச் சர்வே எண்ணுக்குரிய பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுத உட்கார்.

அன்புடன்,
அக்கா