கட்டெறும்புக்கு ராணி எங்கிருந்து வந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் மாணவர் பக்கத்தில் வந்த எறும்புக் கட்டுரையில், "எல்லா எறும்புப் புற்றுகளிலும் ஒரு ராணி உண்டு, நம் ஊர்க் கட்டெறும்பான டயகாம்மாவும் அப்படியே" என்று ஒரு வரி இருந்தது. எத்தனையோ எறும்புப் பேரினங்கள் இருக்க, ராணியே இல்லாத பேரினத்தையா இதற்கு உதாரணம் காட்ட வேண்டும்?

தாங்கள் அறியாததல்ல. டயகாம்மாவில் ராணி என்று தனிப் பிறவி கிடையாது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு வேலைக்கார எறும்பின் மார்பிலும், இறக்கையின் மிச்சமாக இரண்டு சிறு மொட்டுகள் இருக்கும். கூட்டில் முட்டையிடும் எறும்பு, புதிதாக வருபவற்றின் மொட்டுகளைக் கடித்து எடுத்துவிடும். மொட்டை இழந்தவை கடைசிவரை உழைப்பவையே. மொட்டோடு தப்பிய ஒன்றுதான் ஆணோடு கூடி முட்டையிடும். பெரும்பாலான டயகாம்மா இனங்களில் இதுவே வழக்கம். நீலகிரிப் பகுதியிலுள்ள ஒரு வகையில் மட்டும் மொட்டைக் கடிக்காமலேயே ஒன்று மற்றவற்றை அடக்கி வைக்கிறது. இவை 1980களின் இறுதியிலிருந்து ஆய்விதழ்களில் வந்துகொண்டிருக்கும் செய்திகள்.

வரியாவது போகட்டும், படத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள்? அது காம்போனோட்டஸ் என்ற வேறொரு எறும்புப் பேரினம். பெருந்தலை எறும்பும் சிறுதலை எறும்பும் ஒரே சாரையில் போகின்றன. அது ஒன்றே போதும் சொல்வதற்கு. டயகாம்மாவில் வேலைக்கார எறும்புகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும், இரை தேடத் தனியாகவே போகும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றை வைத்து இடுப்பைப் பக்கவாட்டில் பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. இரண்டுக்கும் இடுப்பில் ஒரே கணுதான். ஆனால் டயகாம்மாவின் கணு தடித்தது, அதன் உச்சியில் இரண்டு முட்கள் இருக்கும். உடல் முழுவதும் கட்டைவிரல் ரேகை போல வரிவரியாகப் பள்ளங்கள் ஓடும். வயிற்றின் முதல் கண்டத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஓர் இறுக்கம் தெரியும், நுனியில் கொடுக்கு உண்டு. காம்போனோட்டஸுக்குக் கொடுக்கே இல்லை. வயிற்று நுனியில் மயிர் சூழ்ந்த சிறு துளை, அதன் வழியே அமிலம் பீய்ச்சும். டயகாம்மா பொனெரினே, காம்போனோட்டஸ் ஃபார்மிசினே. துணைக்குடும்பமே வேறு.

இனம் வரை பிரிப்பது கடினம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1842இல் லெ கில்லு என்ற இயற்கையியலாளர் பெயரிட்ட ருகோசம் என்ற டயகாம்மா இனத்தின் கீழ் எத்தனையோ வடிவங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தச் சிக்கலை அவிழ்ப்பது அறிஞர்கள் வேலை. ஆனால் பூச்சியியலாளர் மாயர் 1862இலேயே தனியாகப் பிரித்துக் காட்டிய பேரினத்தை இன்று அச்சில் குழப்பலாமா? நம் மதராஸ் ராஜதானியில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 1851இலேயே தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார். கையில் என்ன வசதி இருந்தது அவருக்கு?

நான் அணைக்கட்டு என்னும் எங்கள் ஊர்ப் பகுதியில் விலங்கியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அமிர்தி காட்டுக்குப் போகும் வழியில் முட்புதர்களுக்கு நடுவே டயகாம்மாவின் கூட்டு வாயை இன்றும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். வாயைச் சுற்றிப் பறவை இறகுகளையும் செத்த எறும்புகளையும் அவை கொண்டுவந்து வைத்திருக்கும். வறண்ட காலத்தில் விடியற்காலைப் பனி அந்த இறகில் திரள, எறும்புகள் அதைக் குடிக்கும் என்று எறும்பு ஆய்வாளர் மார்க் மாஃபெட் 1985இல் எழுதினார். எங்கள் வேலூர் வெயிலை அறிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். அதைப் படமாக வரைந்து வைத்திருந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தங்கள் பக்கத்தைக் கொண்டுவந்து, "பேப்பரில் ராணி உண்டு என்று போட்டிருக்கிறதே ஐயா?" என்று கேட்டாள். கண்ணால் பார்த்த பிள்ளை, அச்சில் வந்ததைப் பார்த்துவிட்டுத் தன் நோட்டைத் திருத்தத் தயாராக நின்றாள். என் கோபம் அதனால்தான்.

நான் பணியில் இருந்தபோது, ராணி இல்லாத எறும்புகளும் உண்டு என்று விடைத்தாளில் எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் மறுக்கப்பட்டது. கேட்டதற்கு, புத்தகத்தில் இல்லை என்றார்கள். அதே பள்ளியில் நுண்ணோக்கி பீரோவுக்குள் பூட்டியே கிடந்தது, உடைந்துவிடுமாம். 2023இல் இலவம்பாடி முள்ளு கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தங்கள் இதழில் முள்ளே இல்லாத ஏதோ ஒரு கத்தரிக்காய் படத்தைப் போட்டீர்கள். விளைவிக்கும் ஊர்க்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டு அப்போது எழுதினேன். "கோடி ரூபாய் மண்ணுளிப் பாம்பு" என்று தலைப்பிட்டபோதும் எழுதினேன். அந்த விலையை நம்பித்தான் அந்த அப்பாவி உயிரைப் பிடித்து விற்கிறார்கள் என்று விளக்கியிருந்தேன். இரண்டு கடிதங்களும் வெளியாகவில்லை. தங்களுக்கு இடநெருக்கடி இருக்கும், புரிகிறது. எறும்புக்கும் பாம்புக்கும் கத்தரிக்காய்க்கும் மட்டும் எப்போதும் இடநெருக்கடி என்பதுதான் வருத்தம்.

வரும் ஞாயிறன்று அதே மாணவர் பக்கத்தில், பிள்ளைகள் கண்ணில் படும் அளவில், நான்கு வரியில் ஒரு திருத்தமும் இடுப்பு முட்கள் தெரியும்படி சரியான படமும் வெளியிடுங்கள். படம் இல்லையென்றால் நான் எடுத்ததை அனுப்புகிறேன். பணம் வேண்டாம், பெயரும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.