கறுப்புப் பூச்சுக்கு அடியில் இருக்கும் தகடு: தூத்துக்குடி வட்டார சர்வீஸ் நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

தூத்துக்குடி, காயல்பட்டினம், திருச்செந்தூர் வட்டாரங்களில் கார் சர்வீஸ் நிலையங்களும் டிங்கரிங் பட்டறைகளும் நடத்திவரும் உரிமையாளர்களுக்கும், அங்கே காரின் அடியில் படுத்துக் கோட்டிங் அடிக்கும் தொழிலாளர்களுக்கும் வணக்கம்.

காரின் அடிப்பாகம் துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்புப் பூச்சு அடித்து, அண்டர்பாடி கோட்டிங் என்று நீங்கள் செய்துதரும் வேலையைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். அது வேண்டாத வேலை என்று சொல்ல வரவில்லை. உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்கு அதைவிட அவசியமான பராமரிப்பு வேறொன்று இல்லை என்றே நம்புகிறேன். அதனால்தான் அது முறையாக நடக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

2016-இல் புதிய கார் வாங்கியபோது, துருப்பிடிக்காமல் இருக்க அடியில் கோட்டிங் அடித்துத் தருகிறோம் என்றார்கள். 4,500 ரூபாய் கட்டினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறோர் இடத்தில் மறுபடியும் அடித்தேன். 2023 ஜூலையில் ஒருநாள் டயர் பஞ்சராகி, இடப்பக்கம் ஜாக்கி வைத்துச் சுற்றினேன். ஜாக்கி ஏறியதே தவிர கார் ஏறவில்லை. ஜாக்கி வைத்த இடத்துத் தகடு அப்பளம்போல் நொறுங்கி உள்ளே போய்விட்டது. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் அந்தப் பெட்டிப் பகுதியை டிங்கர் அறுத்துத் திறந்து காட்டியபோது, வெளியே கறுப்புப் பூச்சு பளபளப்புக் குறையாமல் முழுதாக இருந்தது. உள்ளே இரும்பு இருந்த இடத்தில் செம்மண்போல் துருவும் ஈரச் சேறும் நிறைந்திருந்தன. தண்ணீர் வடிவதற்கென்று அப்பெட்டியின் அடியில் கார் நிறுவனமே விட்டிருந்த துளைகள் அத்தனையும் அதே கறுப்புப் பூச்சால் அடைபட்டிருந்தன. காரைக் காக்க நான் பணம் கொடுத்துச் செய்த வேலைதான் நீரை உள்ளே பூட்டிவைத்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தகட்டை வெட்டி, புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்து முடிக்க 38,000 ரூபாய் ஆனது.

நான் உப்பளத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவன். உப்பு வாரும் பலகை ஏன் மரத்தில் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் எனக்கு விளக்கத் தேவை இருந்ததில்லை. அப்பா அளத்திலிருந்து வந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, பிறகுதான் பழைய ஆயில் தோய்த்த துணியால் துடைப்பார். கழுவு, காயவை, பிறகு பூசு என்ற அந்த வரிசையை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. கார் சர்வீஸில் இன்று முதலில் விட்டுப்போவது அந்த வரிசைதான்.

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த ஈரம் மின்னோட்டத்தை எளிதில் கடத்தும் கரைசலாகி அரிப்பு பல மடங்கு விரைகிறது. மழை பெய்தால்தான் ஈரம் என்றும் எண்ண வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கிவிடும். நம் வீட்டு அடுக்களை உப்புச்சாடியில் நாம் நாள்தோறும் காண்பதுதான் இது. ஆகவே காரின் அடியில் படிந்த உப்பைக் கழுவாமல் அதன்மேல் பூச்சடித்தால், அரிப்பதற்கு வேண்டிய எல்லாவற்றையும் நாமே உள்ளே வைத்து மூடுகிறோம் என்று பொருள். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. அது வளர வளரப் பூச்சைத் தகட்டிலிருந்து நெம்பி எழுப்பும். அந்த இடுக்கில் மேலும் ஈரம் புகும். வெளியே கதவின் கீழ்விளிம்பில் பெயிண்ட் கொப்புளித்துத் தெரியும்போது, பெரும்பாலும் உட்பக்கத் தகடு ஏற்கெனவே ஓட்டையாகியிருக்கும்.

அடியில்தானே, அரித்தால் என்ன என்று வாடிக்கையாளர் கேட்டால் தயவுசெய்து அவருக்கு ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் லாரிக்கு இருப்பதுபோல் தனி சேசிஸ், அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. மெல்லிய தகடுகளைப் பெட்டி பெட்டியாக மடித்து வெல்டிங் செய்த உடலே அதன் எலும்புக்கூடு. விபத்தில் மோதலைத் தாங்குவதும், சஸ்பென்ஷனைப் பிடித்துக்கொண்டிருப்பதும், சீட்பெல்ட்டின் அடிப்பிடியைத் தாங்குவதும் அப்பெட்டிகளும் அவற்றோடு சேர்ந்த தரைத்தகடும்தான். அவற்றின் உட்புறத்துக்குத் தொழிற்சாலையில் மின்முறையில் படியவைக்கும் பிரைமர் சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமே உள்ளது. அதற்குமேல் அங்கே வேறு காப்பு குறைவு. நீங்கள் வெளியே எத்தனை கோட்டு அடித்தாலும் அது இந்த உட்புறத்தைச் சென்று தொடாது.

துருத்தடுப்பு என்ற பெயருக்குத் தகுந்த வேலை இரண்டு பாகம் கொண்டது. பெட்டிகளின் உள்ளே நீண்ட மெல்லிய குழாய்முனையை விட்டு, இண்டு இடுக்குகளில் ஊர்ந்து பரவும் மெழுகு வகையைப் பீய்ச்சுவது ஒன்று. வெளியே சக்கரக் குடைவுகளிலும் தரைத்தகட்டிலும் கல்லடி தாங்கும் ரப்பர் கலந்த பூச்சைப் பூசுவது மற்றொன்று. மெழுகு இளகிய நிலையிலேயே இருப்பதால் விரிசல் விடுவதில்லை, ஆனால் சக்கரம் வாரி இறைக்கும் மணலுக்கு அது நிற்காது. வெளிப்பூச்சு மணலுக்கு நிற்கும், ஆனால் உள்ளே நுழையாது. மலிவான தார் வகைப் பூச்சோ சில ஆண்டுகளில் எண்ணெய்ப்பசை வற்றி இறுகி வெடித்துவிடும். வெடிப்பின் வழியே புகுந்த நீர் பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே தங்கிவிடும். அதைவிட ஒன்றுமே அடிக்காத தகடு மேல், ஏனென்றால் அது காற்றுப்பட்டாவது காயும்.

இந்த இரண்டு பாகத்துக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலைதான் பெரிது. மட்கார்டு உறைகளையும் அடித்தட்டு பிளாஸ்டிக்குகளையும் கழற்றாமல் உள்ளே இருக்கும் சேறு வெளியேறாது. நல்ல தண்ணீரில் அழுத்தத்துடன் கழுவ வேண்டும். நம் பகுதியின் உவர்நீர் போர்த்தண்ணீரில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகும். பிறகு குறைந்தது ஒரு முழுநாளாவது காய விட வேண்டும். காலையில் வாட்டர் வாஷ், மதியம் கோட்டிங், மாலையில் டெலிவரி என்ற கணக்கில் பெட்டிகளின் உட்புறம் காய வழியில்லை. காய்ந்தபின் துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி, எஞ்சியதற்கு, துருவை மேலும் அரிக்காத படலமாக மாற்றும் துருமாற்றி திரவம் தடவி, பிரைமர் பூசிய பிறகே ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்க வேண்டும். பிரேக் டிஸ்க், காலிப்பர், சைலன்சர், சென்சார்கள், ஆக்ஸில் ரப்பர் உறைகள், வடிதுளைகள் ஆகியவற்றை முதலிலேயே மறைத்துவிட வேண்டும். பிரேக்கில் பூச்சு பட்டால் பிடிப்புப் போகும், சைலன்சரில் பட்டால் சூட்டில் புகையும். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி நம் மாவட்டமே மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கடுத்த வாரங்களில், நாள்கணக்கில் தண்ணீரில் நின்ற கார்களை அப்படியே ராம்பில் ஏற்றிக் கறுப்படித்து அனுப்பியதைச் சில இடங்களில் கண்ணால் பார்த்தேன். பயந்துபோய் வந்தவர்களுக்கு அன்று தேவைப்பட்டது, பெட்டிக்குள் இறங்கிய வண்டலை வெளியே எடுத்து உலர்த்துவது. அந்தக் கார்கள் இப்போது உள்ளே எப்படி இருக்கும் என்று நினைத்தால் மனம் கலங்குகிறது. அவற்றில் ஏதேனும் உங்களிடம் திரும்பி வந்தால், புதுப்பூச்சு அடிக்குமுன் ஒருமுறை துளைகளைத் திறந்து பாருங்கள்.

வேலை செய்யும் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, முகத்துக்கு நேர் மேலே கரைப்பான் கலந்த பூச்சை அடிப்பவர்களுக்குச் சரியான வடிகட்டியுள்ள முகமூடியும் கண்ணாடியும் வாங்கித் தருவது பெரிய செலவல்ல. அதற்காக பில்லில் நூறு இருநூறு கூடுதலாகப் போட்டால் தருவதற்கு என்னைப் போன்றவர்கள் தயங்க மாட்டோம்.

உங்களிடம் நான் கேட்பவை சிலவே. கோட்டிங் அடிக்குமுன் கழுவிக் காய்ந்த நிலையில் அடிப்பாகத்தைப் படம் எடுத்து வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். எந்த வகைப் பூச்சு எங்கெங்கே அடிக்கப்பட்டது, பெட்டிகளுக்குள் மெழுகு போனதா இல்லையா என்பதை பில்லில் எழுதுங்கள். இரண்டு நாள் ஆகும் என்றால் இரண்டு நாள் ஆகும் என்றே சொல்லுங்கள். ஏற்கெனவே அரித்துப்போன காரென்றால், இதற்குக் கோட்டிங் பயன்படாது, முதலில் டிங்கரிங் வேண்டும் என்று சொல்லி வேலையை மறுத்துவிடுங்கள். அப்படி ஒருவர் மறுத்திருந்தால் அவர் கடைக்கே நான் இன்றுவரை போய்க்கொண்டிருப்பேன்.

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் கடலின் நடுவே 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. ஒருமுறை பூசிய பூச்சால் அது நிற்கவில்லை. ஆண்டாண்டாகச் சுரண்டியும் மறுபடி பூசியும் வந்த கைகள் அதற்கு இருந்தன. வாழ்நாள் முழுக்க உத்தரவாதம் என்று சொல்லி கோட்டிங் விற்பதை விட்டுவிட்டு, ஆண்டுதோறும் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ராம்பில் ஏற்றிப் பார்த்து உரிந்த இடத்தை மட்டும் சரிசெய்யும் சிறு வேலையைக் கட்டணத்துடனேயே வழக்கமாக்குங்கள்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உலோக அரிப்பு அதன் முக்கியத் துறைகளுள் ஒன்று, நம் தூத்துக்குடியிலேயே அதற்குப் பிரிவு உண்டு. பட்டறைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி, உங்கள் தொழிலாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி கேளுங்கள். கடிதம் எழுதவும் இடம் ஏற்பாடு செய்யவும் என் உதவி வேண்டுமானால், வெட்டி எடுத்த அந்தப் பழைய தகட்டுத் துண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடியில் வசிக்கும் ஒரு கார் உரிமையாளர்