கல்லு வண்டு

டேய் குமாரு,

ஆறு மாசமா பதில் போடலன்னு திட்டாத. அம்மா காரியத்தப்ப பந்தி வரைக்கும் நீதான் நின்னு பாத்துக்கிட்ட, ஒரு வார்த்த கூட சொல்லாம பிளைட் ஏறிட்டேன், அது உறுத்திக்கிட்டே இருக்கு. இங்க எல்லாரும் சௌக்கியம். உன் முட்டி வலிக்கு டாக்டர்ட்ட போனியா, இல்ல இன்னும் மணியண்ணன் தைலம்தானா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன சனிக்கிழமை பிரிட்டிஷ் மியூசியம் போனேன்டா. எகிப்து சிலைங்களுக்கு நடுவுல ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு கல்லுல ஒரு வண்டு! சாணிய உருண்டையாக்கி பின்னங்காலால தள்ளிட்டுப் போகுமே, அந்த சாதி. சூரியனையும் இப்படித்தான் ஒருத்தர் வானத்துல உருட்டுறார்னு அந்த ஊர்க்காரங்க நெனச்சு, கெப்ரின்னு பேரு வச்சு கும்பிட்டிருக்காங்க. உருண்டைக்குள்ள இருந்து புது வண்டு வெளிய வருதுல்ல, அதனால தானா பொறக்குற சாமி.

பெரிசு அபூர்வம், மத்ததுல முக்காவாசி விரல் நுனி அளவுதான். கல்சட்டிக்கு எடுக்குற மாக்கல் இருக்கே, அதுல செதுக்கி, நீலப்பச்ச மெருகு பூசி சுட்டா நல்லா இறுகிடும், அடிப்பக்கம் முத்திரை, நடுவுல கயிறு கோக்க ஓட்டை. மூணாம் அமென்ஹோட்டெப் ராஜா பத்து வருஷத்துல 102 சிங்கம் வேட்டையாடினேன்னு வண்டு முதுகுக்கு அடியில எழுதி ஊரெல்லாம் அனுப்பியிருக்காரு, சுப்பு மாமா கேட்டா அத 200 ஆக்கிடுவாரு.

ஆனா என்ன நிறுத்தி வச்சது வேற ஒண்ணு. சோபெகெம்சாஃப்னு ஒரு ராஜாவோட வண்டு, பச்சக் கல்லு, தங்கத்துல பதிச்சது, மனுஷ முகம். செத்தவங்க நெஞ்சுமேல வைக்கிற வகை. செத்து மறுலோகம் போனதும் நெஞ்ச தராசுல ஒரு தட்டுல வச்சு, மறுதட்டுல நீதிக்கு சாமியான மாத் தேவியோட இறகு வைப்பாங்களாம், பாவத்துல கனத்துப் போச்சுன்னா முதலத் தல மிருகம் ஒண்ணு தின்னுடும். அதனால இந்த வண்டுகள்ல ஒரு வேண்டுதல் எழுதுவாங்க: என் அம்மா தந்த நெஞ்சே, எனக்கு எதிரா சாட்சி சொல்ல எழுந்திரிக்காத. அம்மா தந்த நெஞ்சேன்னு ரெண்டு தரம் கூப்புடுறாங்கடா.

அங்கயே உக்காந்துட்டேன். கடைசியா அம்மா போன் பண்ணப்ப மீட்டிங்ல இருக்கேன்னு கட் பண்ணேன், திரும்பக் கூப்புடல. இத இவகிட்ட கூட சொல்லல.

அந்த வாரம் ஆஸ்பத்திரில பக்கத்துல இருந்தது நீதான். என்னப் பத்தி அம்மா என்ன சொன்னாங்க? எனக்காக எதையும் குறைக்காம அப்படியே எழுதுடா.

உன்
ரவி