பாலாற்று மண்ணுக்கு ஓர் எடைக்கல் வேண்டும்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மண்ணியல் துறையினருக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினருக்கும் வணக்கம்.

கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆய்வகங்கள் தங்கள் அளவைச் சரிபார்த்துக்கொள்ள, பாலாற்றுப் பக்கத்து மண்ணிலேயே ஒரு பொது அளவு மண் தயாரித்துத் தாருங்கள் என்று கேட்டு எழுதுகிறேன். மேல்விசாரம் பக்கம் என் சித்தப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. போன வருஷம் அதில் ஒரே குழியில் மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, சலித்து, நன்றாகக் கலந்து, மூன்று பொட்டலமாக மூன்று ஆய்வகங்களுக்கு அனுப்பினேன். தோல் பதனிடும் கழிவில் வருகிற உலோகமான குரோமியம், மண்ணிலிருந்து பயிருக்குப் போகக்கூடியது எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். ஓர் ஆய்வகம் இரண்டு இலக்கத்தில் பதில் சொன்னது, இன்னொன்று மூன்று இலக்கத்தில். மூன்றாவது, ‘கண்டறிய இயலவில்லை’ என்று எழுதி முத்திரை குத்தி அனுப்பியது. “இதுல எதப்பா நம்பறது?” என்றார் சித்தப்பா. நாற்பது வருஷம் பிப்பெட் பிடித்த எனக்கும் பதில் தெரியவில்லை.

மூன்று பேரும் கவனமாகவே வேலை செய்திருக்கலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மண்ணில் மொத்தம் எவ்வளவு உலோகம் என்பது ஒரு கேள்வி. அதில் கரைந்து வெளியே வருவது எவ்வளவு என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் தேடுவது புளி கரைக்கிற மாதிரிதான். வெந்நீரா பச்சைத் தண்ணீரா, எவ்வளவு நேரம் ஊறியது, எத்தனை தடவை பிசைந்தது என்பதைப் பொறுத்துக் கரைசல் மாறும். ஐரோப்பிய முறையில் 0.05 மோலார் ஈ.டி.டி.ஏ. (உலோகத்தைப் பிணைத்துக் கரைசலுக்கு இழுக்கிற வேதிப்பொருள்) என்றால் ஒரு மணி நேரம் குலுக்க வேண்டும், 0.43 மோலார் அசெட்டிக் அமிலம் என்றால் 16 மணி நேரம். அதுவும் 20 டிகிரியில். நம்மூர் அறிக்கைகளில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதியிருக்கிறார்கள். மே மாத வேலூரில் எந்த அறையைச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

நம் மண் பரிசோதனைக் கூடங்களுக்குப் பழக்கமானது அதே வகையைச் சேர்ந்த டி.டி.பி.ஏ. கரைசல். லிண்ட்சே, நார்வெல் என்ற இருவர் 1978-ல் வெளியிட்ட முறை அது. இரண்டு மணி நேரக் குலுக்கல், கார அமில நிலை 7.3. துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, செம்பு பயிருக்குப் பற்றாக்குறையா என்று பார்க்க உருவாக்கியது. நஞ்சு எவ்வளவு என்று பார்க்க அதையே குரோமியத்துக்கும் ஓட்டுகிறார்கள். தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வருகிற மூவிணைய குரோமியமோ (குரோமியத்தின் நச்சு குறைந்த வடிவம்), இந்த மாதிரிப் பொருள்களோடு சாதாரண வெப்பத்தில் மிக மெதுவாகத்தான் பிணையும். அரை மணி கூடினாலும் குறைந்தாலும் எண் நகர்ந்துவிடும்.

இந்தக் குழப்பத்துக்கு ஐரோப்பாவில் ஒரு வழி கண்டார்கள். ஒரு மண்ணை நிறைய எடுத்து, உலர்த்தி, ஒரே சீராகக் கலந்து, புட்டிகளில் அடைத்து, பல ஆய்வகங்களில் ஒரே முறையில் கரைத்துப் பார்த்து, ‘இந்த முறையில் இந்த மண் இவ்வளவு கொடுக்கும்’ என்று சான்றிதழோடு விற்கிறார்கள். ரெஃபரன்ஸ் மண் என்கிறோமே, அதுதான். பி.சி.ஆர். என்பது அந்த ஐரோப்பிய ரெஃபரன்ஸ் அமைப்பின் சுருக்கப் பெயர், பின்னால் வருவது மண்ணின் எண். பி.சி.ஆர். 483 இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் பக்கத்துச் சாக்கடைப் பண்ணை மண். 484 ஸ்பெயினின் கட்டலோனியாவிலிருந்து வந்த செம்மண். டி.டி.பி.ஏ.வுக்கும் சேர்த்துச் சான்றளித்த 600, சுண்ணாம்பு மண். உங்கள் சாம்பிளோடு இந்தப் புட்டியையும் ஓட்டி, அதன் சான்றிதழ் எண் வந்தால்தான் சாம்பிளின் எண்ணுக்கு மதிப்பு. மொத்த உலோகத்துக்குச் சான்றளித்த மண்ணை இதற்குப் பயன்படுத்துவதில் பிரயோசனம் இல்லை. அதையும் சிலர் செய்கிறார்கள், சரி, அது கிடக்கட்டும்.

காய்கறிக் கடை எடைக்கல்லுக்குக்கூட அரசு முத்திரை இருக்கிறது. எங்கள் நிலத்தின் நஞ்சை நிறுக்கிற மூன்று அறிக்கைகளிலும் எந்த ரெஃபரன்ஸ் மண்ணை ஓட்டினார்கள் என்று ஒரு வரி இல்லை. வாங்கி ஓட்டினாலும் அது ஐரோப்பிய மண். பாலாற்று மணல், தோல் கழிவுநீர், நாற்பது டிகிரி வெயில் எல்லாம் சேர்ந்த கலவை வேறு. ராணிப்பேட்டையில் குவிந்து கிடக்கிற குரோமேட் கழிவோ அறுவிணைய குரோமியம், நச்சு அதிகமான வடிவம். அதற்குத் தனிக் கணக்கு. அமெரிக்காவில் நியூஜெர்சியின் குரோமியக் கழிவு மண்ணையே எடுத்து அறுவிணைய குரோமியத்துக்கு ரெஃபரன்ஸ் மண் ஆக்கிவிட்டார்கள். அவர்கள் குப்பையை அவர்கள் எடைக்கல்லாக மாற்றிக்கொண்டார்கள்.

நாங்கள் கேட்பதும் அதுதான். விரிஞ்சிபுரத்தில் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே மூன்று மண் தயாராகட்டும்: கழிவுநீர் பாய்ந்த பாலாற்றோர நிலம் ஒன்று, ராணிப்பேட்டைக் கழிவு கலந்தது ஒன்று, ஆற்றிலிருந்து தள்ளி மல்லாட்டை விளைகிற சுத்தமான கொல்லைச் செம்மண் ஒன்று. சூளை மாதிரிக் காயவைக்காதீர்கள். சூடு ஏறினால் கரையும் அளவே மாறிவிடும். புட்டிக்குப் புட்டி ஒரே மாதிரி இருக்கிறதா, 40 டிகிரியில் ஆறு மாதம் வைத்தால் எண் மாறுகிறதா என்று பாருங்கள். மாங்கனீசு ஆக்சைடு மூவிணையத்தை அறுவிணையமாக்கும், அதையும் மறக்க வேண்டாம். தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் ‘பாரதீய நிர்தேஷக் திரவிய’ என்ற பெயரில் ஏற்கெனவே சான்றளித்த பொருள்கள் வெளியிடுகிறது. அவர்களைச் சேர்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அவசரமும் இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு குறித்து அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பளித்தது. ஈடு என்றால் எந்த நிலம், எவ்வளவு கெட்டது என்ற பேச்சு வரும். அப்போது எதிர்த்தரப்பு வக்கீல் என் மூன்று அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், வழக்கு முடிந்துவிடும்.

அந்தக் குழியின் மண் இன்னும் இரண்டு வாளி, சலித்து உலர்த்தியது, தேதி எழுதி என் வீட்டுப் பரணில் இருக்கிறது. முதல் சோதனை ஓட்டத்துக்கு அது போதும். ஆள் அனுப்பினால் இறக்கிக் கொடுக்கிறேன்.