காது மிஷினுக்கு பேட்டரி போட்ட சிஸ்டருக்கு

ஐசியூவில் கிடந்த அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். காபியில் சர்க்கரை போடவில்லை என்று அம்மாவிடம் சண்டை போடுகிறார். என்ன நடந்தது என்று இதைப் படிக்கிற பெரும்பாலோருக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை, நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ரத்தம் கொடுக்க உசிலம்பட்டியிலிருந்து பைக்கில் வந்த பையன்கள், பணம் புரட்டிக் கொடுத்த சித்தப்பா, வெயிட்டிங் ஹாலில் பாயில் பாதி இடம் விட்ட பரமக்குடி அம்மா, சோறு கட்டிக்கொண்டு வந்த அத்தைமார்கள், ஐசியூ டாக்டர்கள் எல்லாருக்கும் கும்பிடு. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத வேண்டியவள்தான் நான். இன்றைக்கு மட்டும் இந்த இடத்தை நைட் டூட்டி சிஸ்டருக்குக் கொடுத்துவிடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

வென்டிலேட்டரை எடுத்த பிறகுதான் எங்களுக்கு அடுத்த பயம் பிடித்தது. அப்பாவுக்கு ஆள் தெரியவில்லை. கட்டிலுக்கு அடியில் ஆடு நிற்கிறது, அவிழ்த்து விடு என்கிறார். கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் போனதால் இரண்டு கைக்கும் பஞ்சு உறை மாட்டியிருந்தார்கள். இதற்கு டெலிரியம் என்று பெயர், வென்டிலேட்டரில் இருந்த வயதானவர்களுக்கு அடிக்கடி வருவதுதான் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எங்கள் சனத்துக்கு அது காதில் ஏறவில்லை. புத்தி பேதலித்துவிட்டது என்று வெயிட்டிங் ஹாலில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். பெரிய அத்தை மந்திரித்த கயிறு வாங்கக் கிளம்பிப் போனார்.

அன்று ராத்திரி சிஸ்டர் வெளியே வந்து என்னைத் தேடினார். "அக்கா, தாத்தா வீட்ல காதுக்கு மிஷின் போடுவாங்களா?"

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். "மாஸ்க்க இறக்கிட்டுப் பேசுனா பதில் சொல்றாங்க. மாஸ்க் போட்டுட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிறாங்கன்னு நெனச்சேன்."

மிஷின் என் பையிலேயேதான் இருந்தது. அட்மிஷன் போடும்போது மோதிரம், பல்செட், அரைஞாண் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அதற்குள் கிடந்தது. பேட்டரி செத்துப் போயிருந்தது. அந்த நேரத்தில் அது எந்த மெடிக்கல் கடையிலும் கிடைக்கவில்லை. மறுநாள் டூட்டிக்கு வரும்போது சிஸ்டரே ஒரு அட்டை வாங்கி வந்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

நீல ஸ்டிக்கரை உரித்துவிட்டு, பொத்தான் மாதிரி இருந்த அந்த பேட்டரியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். என்ன யோசனை என்று கேட்டதற்கு, "காத்து படணும்க்கா. ஒரு நிமிசம் விட்டுப் போட்டாத்தான் நல்லா வேலை செய்யும். எங்க அம்மாச்சியும் இதே மிஷின்தான் போட்டிருந்தாங்க" என்றார். அப்புறம் காதில் மாட்டி, "தாத்தா, நான் பேசுறது கேக்குதா?" என்று குனிந்து கேட்டார்.

"ஏம்மா இப்பிடிக் கத்துற?" என்றார் அப்பா.

ஐசியூ என்றும் பாராமல் நான் சிரித்துவிட்டேன், அழுதும்விட்டேன். மிஷினால் மட்டுமே அப்பா தெளிந்தார் என்று சொல்ல மாட்டேன். மயக்க மருந்தைக் குறைத்தார்கள், ராத்திரியில் விளக்கை அணைத்துத் தூங்க விட்டார்கள், கண்ணாடியை வாங்கி மாட்டினார்கள், பிடித்து உட்கார வைத்தார்கள். ஆனால் இன்ன ஊர், இன்ன ஆஸ்பத்திரி, இன்ன கிழமை என்று யாராவது சொன்னால் அது அவர் காதுக்குப் போக வேண்டுமே. போன பிறகு ஆடு கொஞ்சம் கொஞ்சமாக வராமல் போனது. கை உறையையும் கழற்றினார்கள்.

சிஸ்டர் அதோடு விடவில்லை. ஒரு சின்ன டப்பாவில் பிளாஸ்திரி ஒட்டி "பெட் 11, காது மிஷின்" என்று எழுதி வைத்தார். டூட்டி மாறும்போது யூரின் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று ஒப்பிக்கிற கணக்கோடு "ஹியரிங் எய்ட் டப்பால இருக்கு" என்பதும் சேர்ந்துகொண்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அதை நானே கேட்டேன்.

பெரிய டாக்டரிடம் இதைச் சொன்னபோது, டெலிரியத்தைப் பற்றித் தங்கள் சங்கம் நடத்திய வகுப்புக்கு அந்த சிஸ்டர் போய் வந்தவர் என்றார். சிஸ்டரோ அம்மாச்சியைத்தான் சொல்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கட்டும். நல்ல மனசுள்ள ஒருவர் எந்த வார்டிலும் இருப்பார். அவர் கவனித்துச் சொன்னதைப் பெரிய டாக்டர் காது கொடுத்துக் கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதி, மற்ற ஷிப்டுக்காரர்களும் செய்ய வேண்டும் என்று ஆக்கினாரே, அதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை உண்டாக்க உழைக்கிறவர்கள் என்பதால்தான் அவர் சொன்ன அந்தச் சங்கமான இந்திய தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தாருக்கும் இந்த மடலில் நன்றி சொல்கிறேன். 1993 அக்டோபர் 9 அன்று மும்பையில் ஆரம்பித்த சங்கம். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரும் நெஞ்சு டாக்டரும் மற்ற வேலைகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்த ஐசியூவைத் தனிப் படிப்பாக்கப் பாடுபட்டவர்கள். பாடத்திட்டம் வகுத்து, தேர்வு வைத்து, டிப்ளமோவும் கொடுத்தவர்கள்.

இன்னொன்றுக்கும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ரொம்ப மோசமாக இருந்த அந்த ராத்திரியில் பெரிய டாக்டர் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, "இப்படி ஒரு நிலை வந்தா தனக்கு என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு அப்பா எப்பவாவது சொல்லியிருக்காரா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்பா தெளிந்த பிறகு இதைச் சொன்னேன். "என்னையக் கேக்க வேண்டியதுதானே" என்றார்.

சரி, கேட்போம் என்று விசாரித்தபோதுதான், இப்படி ஒரு நிலை வந்தால் எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற லிவிங் வில் பற்றித் தெரிய வந்தது. உச்ச நீதிமன்றம் 2018-லேயே அதை அனுமதித்துவிட்டது. ஆனால் அப்போதைய விதிப்படி எழுதுகிறவர் மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதன்படி சிகிச்சையை நிறுத்துவதென்றால் இருபது வருட அனுபவமுள்ள டாக்டர்கள் கொண்ட குழு, கலெக்டர் அமைக்கும் இன்னொரு குழு, அதற்கும் மேல் மாஜிஸ்திரேட்டே நேரில் வந்து பார்க்க வேண்டியிருந்தது. ஐசியூவில் கிடக்கிறவருக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா? 2019-ல் இந்தச் சங்கம்தான் திரும்ப நீதிமன்றத்துக்குப் போய் இதை எடுத்துச் சொன்னது. 2023 ஜனவரி 24 அன்று விதிகள் இளகின. இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் எழுதினால் போதும். டாக்டர்களுக்கு ஐந்து வருட அனுபவம் போதும், குழுக்கள் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

எழுதியே தீருவேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். அம்மாவுக்கு இஷ்டமில்லை, நல்லபடியாக வந்த வீட்டில் எதற்கு அபசகுனப் பேச்சு என்கிறார். நான் அப்பா பக்கம். என்ன எழுதுகிறார் என்பது அவர் பாடு. ஆனால் அதை நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து கேட்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். சாட்சிக்குப் பக்கத்துத் தெரு ரிட்டயர்டு வாத்தியார் வருகிறார், இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சிஸ்டர், மிச்ச பேட்டரி அட்டை எங்களோடு வந்துவிட்டது. அடுத்த செக்கப்புக்கு வரும்போது புது அட்டை ஒன்று கொண்டு வருகிறேன். அடுத்து வருகிற தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஆகும். இந்தத் தடவை நீங்கள் மறுக்கக் கூடாது.

நன்றியுடன்,
பதினொன்றாம் பெட் தாத்தாவின் மகள்